பெப்டைட் சீரம்: காரைக்குடி வெயிலில் நீண்ட நாள் பூசிப் பார்த்ததில்

பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு. அது கலந்த சீரத்தைப் பூசிய ஒரு வாரத்தில் கண்ணோரக் கோடு மங்கினாற்போலத் தெரியும். அது கிளிசரினும் ஹயலூரானிக் அமிலமும் இழுத்து வைக்கிற ஈரம். பெப்டைட் கணக்கில் எழுத வேண்டாம். பெப்டைடுக்கு 12 வாரமாவது கொடுத்துப் பார்க்கணும்.

ஆதாரத்தில் கொஞ்சம் தேறுவது ‘மேட்ரிக்ஸில்’ (Matrixyl) என்ற பெப்டைட், லேபிளில் அதன் பெயர் பால்மிடாயில் பென்டாபெப்டைட்-4. 2005-இல் வெளியான ஆய்வில் 93 பெண்கள் முகத்தின் ஒரு பக்கம் பெப்டைட் க்ரீமும், மறுபக்கம் பெப்டைட் இல்லாத அதே க்ரீமும் 12 வாரம் பூசினார்கள். பெப்டைட் அளவு 10 லட்சத்தில் 3 பங்குதான். சுருக்கம் குறைந்தது, ஆனால் சிறிதளவே. ஆய்வில் க்ரீம் கம்பெனியின் கை இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

‘ஊசியில்லா போடாக்ஸ்’ என்று விற்கிற ஆர்ஜிரலின் என்ற பெப்டைடில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. பலரும் காட்டும் 2002 ஆய்வில் இருந்தது 10 பெண்கள். மூலக்கூறு எடையோ 889 டால்டன். 500-ஐத் தாண்டினாலே தோலுக்குள் இறங்குவது சிரமம். பாட்டிலில் போட்டிருக்கும் 10 சதவீதமும் பெரும்பாலும் கரைசலின் அளவு, அசல் பெப்டைட் அதில் துளிதான்.

காப்பர் பெப்டைடை வைட்டமின் சி-யோடு ஒரே வேளையில் பூசாதீர்கள், தாமிரம் அதைக் கெடுத்துவிடும். காலையில் சி, இரவில் காப்பர். நீல நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ திரும்பினால் கொட்டிவிடலாம்.

நம்ம பக்கம் பாட்டிலைக் கெடுப்பது வெயில். முற்றத்து மாடக்குழியிலும் குளியலறை ஜன்னலிலும் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். இரண்டாங்கட்டு அலமாரியோ ஃபிரிட்ஜ் கதவோ போதும், ஃப்ரீசர் வேண்டாம்.

முகம் கழுவி ஈரம் லேசாக இருக்கும்போதே நாலு சொட்டு, கழுத்துக்கும் சேர்த்து. காலையில் அதன்மேல் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம். சீரம் காயுமுன் தேய்த்தால் அழுக்கு மாதிரி உருண்டு திரண்டு வரும். ஐந்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றிப் பூசினால் வராது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் சன்ஸ்கிரீனையே வாங்குங்கள். சுருக்கத்துக்கு ட்ரெடினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்தின் ஆதாரம் பெப்டைடைவிடப் பல மடங்கு வலுவானது, ஆனால் பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடக் கூடாது. அதன் எரிச்சல் தாங்காதவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்தான் பெப்டைட் பொருந்தி வருகிறது.

இரண்டு வேளையும் நாலு சொட்டு என்றால் 30 மில்லி பாட்டில் இரண்டரை மாதம் வரும். ஐந்து மாதம் ஓடுகிறதென்றால் பாதி நாள் பூசவில்லை என்று அர்த்தம்.