பிளாக் தட்டோடு ஐந்து ஆண்டுகள்

திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் ஐந்து ஆண்டுகளாக டெங்கு வைரஸைக் கலவளர்ப்பில், அதாவது ஆய்வுகூடத்தில் வளர்க்கும் உயிர்க்கலங்களில் (செல்களில்) வளர்த்து அளந்து வருகிறேன். மூன்று முறைகளைக் கையாண்டதில் நான் முழுமையாக நம்புவது பிளாக் (plaque) முறையைத்தான்.

1952இல் வைரஸ் ஆய்வாளர் ரெனாட்டோ டல்பெக்கோ இதை விலங்கு வைரஸ்களுக்குக் கொண்டுவந்தார். தட்டின் அடியில் கலங்கள் ஒற்றைப் படையாகப் பரவியதும் ஐதாக்கிய வைரஸை இட்டு, ஒரு மணிநேரம் கழித்து மேலே கூழ் ஊற்றுகிறோம். கூழுக்குள் வைரஸ் தூரம் போக முடியாது. பக்கத்துக் கலங்களையே கொல்லும். ஆறேழு நாளில் பளிங்கு ஊதாச் சாயமிட்டால், ஊதா விரிப்பில் கலங்கள் செத்த இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். இந்தப் பொட்டுதான் பிளாக்; ஒவ்வொன்றும் ஒரு தொற்றும் அலகின் தடம். பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஐதாக்கி 0.1 மில்லிலீற்றர் இட்ட குழியில் 45 பொட்டுகள் என்றால், மில்லிலீற்றருக்குத் தொற்றும் அலகுகள் 45 இலட்சம்.

முதல் ஆண்டு, கூழாக ஊற்றிய அகரோசு படுத்திய பாடு கொஞ்சமல்ல. சூடாக ஊற்றினால் கலங்கள் செத்துவிடும். ஆறவிட்டால் குழாயியின் முனையிலேயே உறைந்துவிடும். பிறகு, உறையாமல் தடித்த திரவமாகவே நிற்கும் காபொட்சிமீதைல் செலுலோசுக்கு மாறினேன். கை நிம்மதி கண்டது. ஆனால் இடையில் யாராவது தட்டை அசைத்தால் பொட்டுகள் வால்வெள்ளி போல இழுபட்டுவிடும். அந்த ஒரு வாரம் வீண்.

இரண்டாவது முறை, ரீட், மியூன்ச் 1938இல் தந்த கணக்கீட்டில் 50 சதவீதத் தொற்றளவை, அதாவது பாதிக் குழிகளில் தொற்றை உண்டாக்கும் வைரஸ் அளவைக் காண்பது. இது பொட்டு விழாத வைரஸ்களுக்கு உதவும். ஆனால் கலங்கள் சிதைந்தனவா என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்வதால், ஒரே குழியை இருவர் பார்த்தால் இரண்டு முடிவு வரும்.

மூன்றாவது முறையான நிகழ்நேர பிசிஆர் சில மணிநேரத்தில் விடை தரும். அது எண்ணுவது வைரஸின் மரபுப்பொருளை; தொற்றும் உயிர்ப்பை அல்ல. ஒருமுறை நீண்ட மின்வெட்டில் மின்பிறப்பாக்கியும் இயங்கவில்லை. உறைபெட்டியிலிருந்த வைரஸ் இருப்பு இளகிவிட்டது. பிசிஆர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டியது. பிளாக் தட்டில் ஒரு பொட்டுகூட இல்லை. அன்றிலிருந்து பிசிஆர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

எல்லா முறைக்கும் மூலதனம் நல்ல கலங்கள்தான். கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலில் நானே கொண்டு வருவேன். குடுவையின் கழுத்து வரை வளர்ப்பூடகம் நிரப்பியிருக்க வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் ரயிலின் ஆட்டத்தில் அது உருண்டு உருண்டு கலங்களைப் பெயர்த்துவிடும். விடிந்ததும் நிலையத்திலிருந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய், குடுவையை நுணுக்குக்காட்டியில் வைப்பேன். விளிம்பு வரை கலங்கள் ஒட்டியிருப்பதைக் கண்ட பிறகுதான் தேநீர்.