லாக்கா, ஹியூமா? சொத்தின் முதல் நாளும் மறுநாளும்

சொத்துரிமை எங்கிருந்து வருகிறது என்று 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய தத்துவவாதிகளில் ஒருவரை எடுத்து ஊன்றிப் படிக்கலாம் என்று எங்கள் சின்ன வாசிப்புக் குழுவில் பேச்சு வந்தது. ஜான் லாக், ரூசோ, டேவிட் ஹியூம் என்று மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டன. என் ஓட்டு ஹியூமுக்கு. குழு லாக்கை எடுத்துக்கொண்டது. நான் பிடிவாதமாக ஹியூமையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரூசோவை முதலில் முடித்துவிடலாம். ஒரு நிலத்தைச் சுற்றி வேலி போட்டு ‘இது என்னுடையது’ என்று சொன்னவன், அதை நம்பும் வெகுளிகளும் கிடைத்ததால், குடிமைச் சமூகத்தை நிறுவியவன் ஆனான் என்கிறது 1755-இல் வந்த சமத்துவமின்மை பற்றிய அவருடைய நூல். அந்த ஒரு இடத்துக்காகவே படிக்கலாம். ஆனால் வேலி போட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்டால், 1762-இல் வந்த சமூக ஒப்பந்த நூல் வரை போக வேண்டும். நான் அவரை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அவர் பலமே நடைதான் என்கிறார்கள், ஆகவே என் தீர்ப்பைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

லாக்கின் வாதம் பலருக்கும் தெரிந்ததுதான். உலகம் எல்லோருக்கும் பொது. ஆனால் என் உடம்பு என்னுடையது, அதன் உழைப்பும் என்னுடையது. பொதுவில் கிடந்த பொருளோடு என் உழைப்பைக் கலந்தால் அது என் சொத்து. இரண்டு நிபந்தனைகள் உண்டு: மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும்; எடுத்தது கெட்டுப்போக விடக்கூடாது. இந்த உரிமை அரசுக்கு முந்தையது என்பதால் ராஜா நினைத்தபடி பறிக்க முடியாது. 1689-இல் இதைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. இந்த வாதம் வந்த, அரசாங்கம் பற்றிய நூலில் லாக் தன் பெயரைப் போடவே இல்லை. 1704-இல் இறப்பதற்குச் சற்று முன்பு உயிலோடு சேர்த்த குறிப்பில்தான் ஒப்புக்கொண்டார்.

அதே 1689-இன் கடைசியில் மனித அறிவைப் பற்றிய அவருடைய பெரிய நூலும் வந்தது. பிறக்கும்போது மனம் எழுதாத வெள்ளைத் தாள் என்பது அதில். அப்படியானால் அரசுக்கு முந்தைய அந்த உரிமையைத் தரும் இயற்கைச் சட்டம் நமக்கு எப்படித் தெரிகிறது? பகுத்தறிவால், கணிதம் போல நிரூபிக்கலாம் என்கிறார். ‘சொத்து இல்லாத இடத்தில் அநீதி இல்லை’ என்பது யூக்ளிடின் தேற்றம் அளவுக்கு உறுதியாம். அந்த நிரூபணத்தை முழுதாக எழுதித் தரச் சொல்லி டப்ளினில் இருந்த நண்பர் வில்லியம் மாலினோ கடிதம் மேல் கடிதம் போட்டார். லாக் எழுதவே இல்லை.

சரி, என் ஓட்டைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை. மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான். லாக் சொத்தின் முதல் நாளை அழகாக விளக்குகிறார். ஒருவன் காட்டைத் திருத்தி உழுகிறான், நிலம் அவனுடையது. அப்புறம் அவன் விற்கிறான், கடன் வாங்குகிறான், சாகிறான். வாங்கியவனோ பிள்ளையோ அதில் ஒரு நாள் கூட வியர்வை சிந்தவில்லை. பிள்ளைக்காக லாக் உழைப்பை விட்டுவிட்டு, பெற்றோரிடம் பிள்ளைகளுக்கு இருக்கும் உரிமை என்று வேறு காரணத்துக்குப் போகிறார். பணம் வந்ததும் இன்னொரு ஓட்டை. தங்கம் அழுகாது, ஆகவே கெட்டுப்போகக்கூடாது என்ற நிபந்தனை தானாகக் கழன்றுவிடுகிறது. பணத்தை ஏற்றதாலேயே ஏற்றத்தாழ்வையும் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமல் சம்மதித்துவிட்டார்களாம். போதாததற்கு, என் வேலைக்காரன் வெட்டிய புல்கட்டியும் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி) என் சொத்து என்று ஒரு வரி. அவன் உழைப்பு அவனுடையது இல்லையா?

ஹியூம் 1740-இல் தன் முதல் நூலின் மூன்றாம் பகுதியில் இதைப் பிடிக்கிறார், அதுவும் ஒரு அடிக்குறிப்பில். உழைப்பைப் பொருளோடு ‘கலக்கிறோம்’ என்பது உருவகம்தான், உண்மையில் நாம் பொருளை மாற்றுகிறோம், அவ்வளவே என்கிறார். சொத்து எந்தப் பொருளுக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. படகில் இரண்டு பேர் துடுப்பு போடுகிறார்கள்; யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனாலும் கை சேர்ந்து அசைகிறது. சொத்தும் அப்படிப் பழகிப் பழகி வந்த ஏற்பாடு. பொருள் குறைவு, மனிதனின் தாராளமும் குறைவு, அதனால் அது தேவைப்பட்டது. முதலில் கைப்பற்றியது, நீண்ட கால அனுபோகம், மரத்தோடு சேர்ந்த காய், வாரிசு, சம்மதத்தோடு கைமாற்றுவது என்று மறுநாளுக்கான விதிகள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அவர் எடுத்தாளும் பழைய கிரேக்கக் கதை. ஆளில்லாத ஒரு நகரத்தை நோக்கி இரண்டு குடியேற்றக் கூட்டத்தின் தூதர்கள் ஓடுகிறார்கள். பின்தங்கியவன் ஈட்டியை எறிகிறான். மற்றவன் போய்ச் சேருவதற்குள் அது வாசற்கதவில் குத்தி நிற்கிறது. நகரம் யாருடையது? தீர்க்கவே முடியாது என்கிறார் ஹியூம், ஏனென்றால் வழக்கு முழுக்க கற்பனையில் தொங்குகிறது. உரிமை பற்றி எழுதியவர்களில் இவ்வளவு தூரம் ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

ஹியூமிடம் குறையும் உண்டு, அது சின்னதும் இல்லை. இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே என்று தொடங்கினால், கொள்ளையடித்துப் பல காலம் வைத்திருந்தவனை என்ன சொல்வது? ஏறக்குறைய எல்லா அரசுகளும் பறிப்பிலோ படையெடுப்பிலோ தொடங்கியவை என்று அவரே 1748-இல் எழுதினார். ‘இது உன்னுடையது இல்லை’ என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்ல லாக்கிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது, ஹியூமிடம் அப்படி ஒன்றை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வைத்திருந்த லாக்குக்கு, அடிமைகள் மீது முழு அதிகாரம் தந்த 1669-ஆம் ஆண்டு கரோலினா (அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றம்) அரசியல் சட்ட வரைவில் பங்கு இருந்தது. கறுப்பர்களைப் பற்றி ஹியூம் எழுதிய அடிக்குறிப்பும் படிக்கக் கூசும். சொத்தைப் பற்றிப் பேசும் ஹியூமின் அந்த முதல் நூலின் முதல் பகுதியை, காரணகாரியம் பற்றியதை, நான் தத்தித் தத்தித்தான் கடந்தேன். அறிவு பற்றிய கேள்வியில் அவர் லாக்கை வென்றாரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

குழுவில் லாக்கின் சொத்து அத்தியாயத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தோம். நான்கு வாரம் ஆனது. அதில் பாதி அந்த வேலைக்காரனின் புல்கட்டியிலேயே போயிற்று.