லேசர் கோடும் வெப் கமெராவும்: உப்புவெளி வீட்டில் மூன்று ஆண்டுகள்

காலை எட்டு மணிக்கு எங்கள் விறாந்தையில், தடைகளைக் காண என் ரோபோ வீசும் லேசர் கோடு தெரியாது. வீடு கிழக்கு வாசல். திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. சூரியன் கடலுக்கு மேலே வந்த கையோடு வெயில் நேராகச் சீமெந்துத் தரையில் விழுந்துவிடும். மண்டபத்துக்குள் கதிரைக் கால்களை ஒவ்வொன்றாக விலகி வந்த ரோபோ, கதவு நிலையைத் தாண்டியதும் பூச்சாடியில் போய் முட்டியது. பின்னால் நடந்து வந்த தங்கையின் மகன்தான் முதலில் கண்டான்: “மாமா, கோடு வெளியே வந்ததும் காணாமல் போகிறது.”

ரோபோ சிறியது. இரண்டு சக்கரம், பின்னால் ஓர் உருளை, மேலே ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. மூன்று ஆண்டுகளில் எதிரொலியால் தூரம் அளக்கும் மீயொலி உணரி, ஒளியைக் கோடாகப் பரப்பும் கோட்டு லேசர், சுற்றிலும் லேசர் வீசித் தூரம் அளக்கும் சுழலும் லைடார், பொருளின் பெயரைச் சொல்லும் கமெரா என எல்லாவற்றையும் அதில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு கோட்டு லேசரும் சாதாரண வெப் கமெராவும்தான் என்பது என் உறுதியான எண்ணம். விலை குறைவு என்பது ஒரு காரணம். அளவு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

லேசரைத் தரையிலிருந்து 4 சென்ரிமீற்றர் உயரத்தில், தரைக்குச் சமாந்தரமாகப் பொருத்தினேன். லேசரிலிருந்து நேர் மேலே 12 சென்ரிமீற்றர் தள்ளிக் கமெரா. பொருள் கிட்ட வந்தால் படத்தில் கோடு கீழே இறங்கும். தள்ளிப் போனால் நடுவை நோக்கி ஏறும். கமெராவின் குவியத் தூரத்தை (வில்லைக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையிலான தூரம்) பிக்சலில் எடுத்து, 12ஆல் பெருக்கி, கோடு நடுவிலிருந்து இறங்கிய பிக்சல்களால் வகுத்தால் தூரம் வந்துவிடும். 640×480 படத்தில் என் கமெராவுக்குக் குவியத் தூரம் ஏறக்குறைய 550. ஆகவே அரை மீற்றரில் கோடு 132 பிக்சல் இறங்கும், ஒரு மீற்றரில் 66, இரண்டு மீற்றரில் 33, மூன்று மீற்றரில் 22. ஒரு பிக்சல் பிசகினால் அரை மீற்றரில் அரைச் சென்ரிமீற்றர்கூடத் தவறாது. மூன்று மீற்றரில் 14 சென்ரிமீற்றர் தவறிவிடும். வீட்டு ரோபோவுக்கு இது குறையே அல்ல, கிட்ட இருப்பதுதானே முட்டும். ஆனால் 27 சென்ரிமீற்றருக்குள் வரும் பொருளின் கோடு படத்தின் கீழ் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். அந்த இடைவெளிக்கு விஎல்53எல்0எக்ஸ் என்ற சிறு உணரியை முன்னால் வைத்தேன். அதுவும் லேசர்தான், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது.

சிவப்பாகத் தெரிவதையெல்லாம் கோடு என்று எடுத்தால் சாமியறை விளக்கு, சிவப்புச் சாறம் எல்லாம் தடையாகிவிடும். லேசரை எரியவிட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். மிஞ்சுவது கோடு மட்டும். சொல்ல இலகு, செய்ய இரண்டு வாரம் எடுத்தது. வெப் கமெரா பழைய படங்களை வரிசையில் வைத்திருந்து கொடுக்கிறது. லேசரை அணைத்த பிறகும் அடுத்த படத்தில் கோடு இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் இரண்டு படங்களைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுக்கிறேன். விநாடிக்கு 30 படம் தரும் கமெராவில் இப்படி ஐந்து அளவீடுதான் கிடைக்கும். விநாடிக்கு 20 சென்ரிமீற்றர் ஓடும் ரோபோவுக்கு அது போதும். கமெரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். லேசருக்கு மின்சாரத்தை ராஸ்பெரி பையின் இணைப்பு ஊசிகளிலிருந்து நேரே எடுக்காமல் ஒரு ட்ரான்சிஸ்டர் வழியாகக் கொடுக்க வேண்டும்.

விறாந்தைச் சிக்கலுக்கு வருகிறேன். 5 மில்லிவாட் லேசரை ஒரு மீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட கோடாகப் பரப்பினால் சதுர மீற்றருக்கு 2.5 வாட். உச்சி வெயில் ஏறக்குறைய 1000 வாட். 650 நனோமீற்றரைச் சுற்றி 10 நனோமீற்றர் அகலத்தை மட்டும் விடும் வடிகட்டியைக் கமெராவுக்கு முன் வைத்தாலும் 15 வாட் அளவு வெயில் உள்ளே வரும். நேர் வெயிலில் கோடு தோற்கும், நிழலில் வெல்லும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்புதான் இன்னும் வலுவான லேசர் வாங்கும் எண்ணத்தை விட்டேன். வீட்டில் குழந்தைகளும் பூனையும் தரையில் உருளுகிறார்கள், கண்தான் பெரிது. பச்சை லேசர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், அகச்சிவப்பிலிருந்து பச்சையை உண்டாக்கும் மலிவான வகைகளில் வடிகட்டி இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து கசியும். அதனால் சிவப்போடு நின்றுகொண்டேன்.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் எதையும் மதிப்பிட முடியாது. வாடைக் காலத்தில் ஒரு நாள், மூன்று பிக்சல் தடிப்பில் இருந்த கோடு ஒன்பது பிக்சலாக வீங்கியிருந்தது. நிரலில் பிழை தேடி ஒரு பின்னேரம் போய்விட்டது. லேசரின் வில்லையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோது மெல்லிய வெண்படலம் தெரிந்தது. ஈரத் துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்ததும் கோடு பழையபடி மெலிந்தது. இப்போது ஞாயிறுதோறும் வில்லை துடைப்பேன். இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

சுழலும் லைடார் வீட்டின் வரைபடத்தை வரைந்து தந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். அறை, நிலை, மேசைக் கால்கள் எல்லாம் புள்ளிகளாகத் திரையில் வந்தன. ஆனால் அது ஒரே உயரத்தில் மட்டும் பார்க்கும். என்னுடையது 20 சென்ரிமீற்றரில் இருந்ததால் தரையில் கிடந்த செருப்பை அது ஒருநாளும் கண்டதில்லை. வரைபடத்துக்கு லைடார், காலடிக்குக் கோட்டு லேசர் என்று பிரித்துக்கொண்டேன்.

பெயர் சொல்லும் கமெரா வேறு வேலைக்கு. கோகோ என்ற, பொருள்களின் பெயர் குறித்த படத் தொகுப்பில் பயிற்றிய சிறு செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை வடிகட்டி இல்லாத இரண்டாவது கமெராவில் ஓட்டுகிறேன். ஆள், பூனை, கதிரை, போத்தல் ஆகியவற்றை நன்றாகவே பிடிக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் படங்களைக் காட்டினேன். மாடு என்றது, நாய் என்றது. அந்தத் தொகுப்பின் 80 வகைகளில் மான் இல்லை. நம் ஊர் மானை நாம்தான் படம் எடுத்துப் பழக்க வேண்டும். மருமகன் இதுவரை இருநூறு படங்கள் சேர்த்திருக்கிறான்.

பூச்சாடியில் முட்டியதற்கு வெயில் பாதிக் காரணம்தான். கோடு தெரியாத இடத்தை வழி என்று எடுத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். எங்கள் மண்டபத்தில் எந்தத் திசையிலும் கோடு ஏதோ ஒரு சுவரிலாவது விழ வேண்டும். விழவில்லை என்றால் அங்கே வெயில் இருக்கிறது, அல்லது ஒளியை விழுங்கும் கறுப்புக் கால், அல்லது வேறு பக்கம் திருப்பிவிடும் அலுமாரிக் கண்ணாடி, சில்வர் குடம். ஆகவே நிரலில் வழி, தடை என்ற இரண்டோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவதையும் சேர்த்தேன். படத்தின் செங்குத்துப் பிக்சல் வரிசைகளில் பத்தில் மூன்று பங்கில் கோடு இல்லாவிட்டால் ரோபோ நின்று, மீயொலி உணரியால் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக நகரும். இப்போது காலை எட்டு மணிக்குக் கதவு நிலையில் வந்து நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல், கூரை நிழல் பூச்சாடி வரை வந்ததும், தானாகவே வெளியே போகிறது.