வீட்டிலிருந்தே ஏ லெவல் உளவியல்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டிலிருந்தபடி ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் எழுதும் பரீட்சை) உளவியல் படிக்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் பேசி ஆள் சேர்க்கும் ஒரு தொலைக்கல்வி நிறுவனத்திடம் 465 பவுண்ட் கொடுத்து ஏமாந்தேன். போன கோடையில் எழுதியிருக்க வேண்டிய பரீட்சையை எழுத முடியாமலும் போயிற்று. அதே விளம்பரம் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். மறதிநோய் வந்தவர்களுடன் பழகப் பழக, உளவியலை முறையாகப் படித்துப் பட்டம் வரை போக வேண்டும் என்ற ஆசை வந்தது. இரவு வேலை செய்பவளுக்குக் கல்லூரி வகுப்பு நேரம் ஒத்துவராது. தொலைபேசியில் பேசிய தம்பி, "அக்கா, நீங்கள் எங்கும் அலையத் தேவையில்லை. பாடம், ஆசிரியர், பரீட்சை எல்லாம் எங்கள் பொறுப்பு" என்றார். விளம்பரத்திலும் 'தற்போதைய பாடத்திட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வந்து சேர்ந்த குறிப்புகளின் முதல் தொகுதியில், பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். காப்பகத்தில் வளரும் பிள்ளை முரட்டுத்தனமாகுமா, மற்றப் பிள்ளைகளோடு ஒட்டுமா என்று பல பக்கங்கள். அதை அடுத்து மன அழுத்தம் பற்றி இன்னொன்று, அதுவும் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடமாக. இரண்டையும் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தேன். பரீட்சைச் சபையான ஏக்யூஏயின் இணையதளத்தில் 7182 என்ற குறியீட்டுடன் இருக்கும் பாடத்திட்டத்தை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. காப்பக அத்தியாயம் அதில் எங்குமே இல்லை. மன அழுத்தம் மூன்றாம் தாளில் விருப்பப் பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான். நரம்பணுக்கள், பிளவுண்ட மூளை ஆய்வுகள், உடலின் நாள்சுழற்சி என்று இரண்டாம் தாளில் கட்டாயமாக வரும் உயிர் உளவியலுக்கு என் குறிப்புகளில் ஒரு பக்கம்கூட இல்லை.

என் கைக்கு வந்தது 2015க்கு முந்தைய திட்டம். அந்தக் காலத்தில் முதல் ஆண்டு ஏஎஸ், இரண்டாம் ஆண்டு ஏ2 என்று பிரித்து எழுதலாம், முதல் ஆண்டு மதிப்பெண் இறுதியில் சேரும். 2015 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் அந்த ஏற்பாடே கிடையாது. படிப்பின் முடிவில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 96 மதிப்பெண். ஏஎஸ் எழுதினாலும் அந்த மதிப்பெண் ஏ லெவலில் சேராது. ஆகவே உங்களுக்கு வரும் மாதிரிப் பக்கங்களில் 'ஏ2' என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆய்வு முறைகள் பகுதி இதைவிட மோசம். முழுப் பரீட்சையிலும் குறைந்தது கால்வாசி மதிப்பெண் ஆய்வு முறைகளைத் தொட்டு வருகிறது, குறைந்தது 10 சதவீதம் கணிதத் திறனுக்கு. எந்தத் தரவுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். என் குறிப்புகள் சராசரி, இடைநிலை, ஒரு பட்டை வரைபடம் என்பதோடு நின்றுவிட்டன.

ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார், பெயர் கிடையாது, மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். மேலே இருப்பவர் சொன்னால் மனிதர்கள் இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வைப் பற்றி எழுதி அனுப்பினேன்: 40 ஆண்கள், 65 சதவீதத்தினர் 450 வோல்ட் வரை போனது, எல்லாம் சரியாகவே எழுதியிருந்தேன். "மிக நன்று, 10/12" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இன்றைய தாளில் நீண்ட கட்டுரைக்கு 16 மதிப்பெண். ஆய்வை விவரிப்பதற்கு அதில் 6 மட்டுமே. மீதி 10 மதிப்பெண் அதை எடைபோடுவதற்கு: கலந்துகொண்டவர்கள் மின் அதிர்ச்சியை உண்மையென்று நம்பினார்களா, ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு எல்லோருக்கும் பொருந்துமா, அவர்களை ஏமாற்றியது அறமா என்று வாதிட வேண்டும். உளவியல் கற்பிக்கும் தோழி ஒருத்தி என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே பரீட்சையில் எழுதினால் பாதிகூட வராது, உனக்கு இதை யாருமே சொல்லவில்லையா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியவருக்குத்தான் நான் பணம் கட்டியிருந்தேன்.

இவற்றையெல்லாம்கூடத் தோழியின் உதவியோடு சரிசெய்திருப்பேன். பரீட்சை விஷயத்தில் அவர்கள் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. வீட்டிலிருந்து படிப்பவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஒரு பள்ளியிலோ தனியார் பரீட்சை நிலையத்திலோ பதிவு செய்ய வேண்டும். கோடைப் பரீட்சைக்கான பதிவு பிப்ரவரி 21 அன்று முடிகிறது, பல நிலையங்கள் அதற்கு முன்பே கதவை அடைத்துவிடுகின்றன. பிந்தினால் அபராதக் கட்டணம். ஜனவரியில் கேட்டபோது, "பரீட்சைப் பிரிவு பார்த்துக்கொள்ளும் அக்கா" என்றார் அதே தம்பி. பிப்ரவரியில் வந்த மின்னஞ்சலில், நிலையத்தைத் தேடுவதும் கட்டணம் கட்டுவதும் மாணவரின் பொறுப்பு என்று விதிமுறைகளின் ஒரு பிரிவைச் சுட்டியிருந்தார்கள். நான் விசாரித்த நிலையங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. இங்கிலாந்தில் ஏ லெவலுக்கு ஜனவரிப் பரீட்சை 2013ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஒரு கோடை தவறினால் அடுத்த கோடைதான்.

உளவியலை இவர்கள் இவ்வளவு ஆர்வமாக விற்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஏ லெவலில் ஒப்படைப்பு வேலை இல்லை, உயிரியல், வேதியியலுக்கு இருப்பது போல ஆய்வுக்கூடச் செய்முறைச் சான்றும் இல்லை. மூன்று தாள்களை எழுதினால் போதும். வீட்டிலிருந்து படிப்பவருக்கு இதைவிட வசதியான பாடம் அரிது, நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அதே வசதியால்தான் பழைய குறிப்புகளைக் கட்டி விற்பவர்களுக்கும் வேலை சுலபமாகிறது.

புகார் செய்தபோது, "ஏ லெவலுக்குச் சமமான மூன்றாம் நிலை டிப்ளோமா தருகிறோம், பரீட்சையே வேண்டாம்" என்று ஆசை காட்டினார்கள். தகுதிச் சான்றுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவலின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். தேடினேன், அந்த டிப்ளோமா அதில் இல்லை. நான் சேர விரும்பிய பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கும் எழுதினேன். அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று மறுநாளே பதில் வந்தது. ஏ லெவலில் ஒரு 'ஏ' எடுத்தால், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூக்காஸின் முறையில் 48 புள்ளிகள். இந்த டிப்ளோமாவுக்கு ஒன்றுமில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டதும், முதல் பாடத்தைத் திறந்ததுமே ரத்து செய்யும் உரிமை போய்விட்டது என்றார்கள். தொலைபேசியிலோ இணையத்திலோ வாங்கும் படிப்பை ரத்து செய்யப் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு. அந்த உரிமை இருப்பதையே விற்பவர் தெரிவிக்காவிட்டால் அவகாசம் 12 மாதம் வரை நீளும். விளம்பரத்தில் சொன்னதும் கொடுத்ததும் வேறாக இருந்தால் அது தனி வழக்கு. நான் கடன் அட்டையில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையான பொருளுக்கோ சேவைக்கோ 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு வங்கியையும் பொறுப்பாளியாக்குகிறது. விளம்பரத்தின் படம், காப்பக அத்தியாயத்தின் பிரதி, 7182 பாடத்திட்டம் மூன்றையும் சேர்த்து வங்கிக்கு அனுப்பினேன். இழுத்தடித்து, கடைசியில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தார்கள். இலவசமாக ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டிருக்கிறேன், அவர்கள் வழியாகத்தான் இத்தகைய புகார்கள் வர்த்தகத் தர அதிகாரிகளுக்குப் போகின்றன.

இந்த முறை வேறொரு நிறுவனத்தில் சேரும் முன், எந்தப் பரீட்சைச் சபை, எந்தக் குறியீடு, எந்த நிலையத்தில் எனக்கு இடம், அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் மழுப்பினார்கள், விட்டுவிட்டேன். இன்னொரு இடத்தில் நிலையத்தின் பெயரோடு பதில் வந்தது. அந்த நிலையத்தோடு நானே பேசி உறுதிசெய்த பிறகுதான் பணம் கட்டினேன்.

உங்களில் யாருக்காவது பகல்நேரக் காப்பக அத்தியாயம் உள்ள தொகுதி வந்திருந்தால், அந்த விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படமெடுத்து வைத்துக்கொண்டு, இந்த வாரமே உங்கள் வங்கிக்கு எழுதுங்கள்.