தலைக்கா, தாளிப்புக்கா? ஓர் எண்ணெய்ச் சின்னத்துடன் ஏழு ஆண்டுகள்

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் சாலையில் எங்கள் தேங்காய் எண்ணெய் ஆலை இருக்கிறது. இப்போது எங்கள் பாக்கெட்டிலும் டின்னிலும் வேன் கதவிலும் காணப்படும் லோகோ 2018 டிசம்பரில் வரையப்பட்டது. லோகோ வரையக் கொடுக்கப் போகும் சிறு வியாபாரிகளுக்கு உதவும் என்பதால், ஏழு ஆண்டு உழைப்பில் அது எங்கே நின்றது, எங்கே சறுக்கியது என்பதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு இருந்தது ஒரு ஃபிளெக்ஸ் கடையில் 300 ரூபாய்க்குச் செய்து வாங்கியது. தென்னை மரம், உதய சூரியன், அலை என்று ஐந்து நிறங்களில் பளபளப்பாக இருந்தது; ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தபோது மரமும் சூரியனும் ஒன்றாகிக் கரித்துண்டு போல் விழுந்தது. கையில் இருந்ததோ ஒரு ஜேபிஜி கோப்பு மட்டுமே. வேன் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு போல் உடைந்தன.

புதிய லோகோவுக்கு 12,000 ரூபாய் கேட்ட தென்காசிப் பெண், முதல் இரண்டு வாரங்கள் ஒரு கோடுகூட வரையவில்லை. எங்கள் எண்ணெயின் சிறப்பு என்ன என்று கேட்டார். சுத்தம், பாரம்பரியம், தரம் என்று அடுக்கினேன். “அண்ணாச்சி, இதை எல்லா எண்ணெய்க்காரரும் சொல்வாங்க. உங்க எண்ணெய் தலைக்கா, தாளிப்புக்கா?” என்றார். வெளியாளுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் வியாபாரத்தின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. செங்கோட்டைப் பக்கம் தேங்காய் எண்ணெய் என்றால் பெரும்பாலும் தலைக்குத் தேய்ப்பது. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூர் போய்விட்டால் அதே எண்ணெய் குழம்புக்கும் பொரியலுக்கும் லிட்டர் கணக்கில் போகிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் என்றாலும், அடுப்படிப் பழக்கம் மலைக்கு இப்பால் வேறுதான். இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் உரியதன்று: சிறு பாக்கெட்டில் வரும் தூய தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாகக் கொண்டு வரி விதிப்பதா, தலை எண்ணெயாகக் கொண்டு கூடுதல் வரி விதிப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் முடிந்தது.

நாங்கள் சமையல் பக்கம் நிற்பது என்று முடிவான பிறகே அவர் வரைந்தார். நான் ஆசைப்பட்ட நீலத்தை முதலிலேயே மறுத்துவிட்டார். நீலக் குப்பியைப் பார்த்தால் நம் மக்களின் கை தானாகத் தலைக்குப் போகும் என்பது அவர் வாதம். பக்கவாட்டில் பார்த்த ஒரு தேங்காய் மூடி, அதன் ஓரங்களில் இரண்டு சிறு காதுகள். காதுகள் முளைத்ததும் மூடி வாணலியாகிவிடுகிறது. ஒரே பழுப்பு நிறம். நீங்கள் விற்பது என்ன எண்ணெய் என்று புனலூர்க் கடைக்காரர்கள் அதன் பிறகு எங்களிடம் கேட்டதில்லை. செங்கோட்டையில்கூட வடை போடுவதற்கென்று வாங்கிப் போகிறவர்கள் கூடினார்கள். விற்பனை முழுவதையும் லோகோவின் கணக்கில் எழுத மாட்டேன், எண்ணெயும் நன்றாக இருந்தது.

குறைகளும் உண்டு. மலையாளத்தில் ‘வெளிச்செண்ண’ என்பது கூட்டெழுத்துகளாகச் சுருங்கி அடக்கமாக உட்கார்ந்துவிட்டது. தமிழில் ‘தேங்காய் எண்ணெய்’ என்பதற்கு நான்கு புள்ளிகள் தேவை. 100 மில்லி பாக்கெட்டில் எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டராகக் குறைந்தபோது, ஓர் அச்சகத்தில் அந்தப் புள்ளிகள் மறைந்தே போயின. ‘தேஙகாய எணணெய’ என்று அச்சான 8,000 பாக்கெட்டுகளைப் பார்த்து என் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அச்சகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிறிய அளவுக்கென்று புள்ளியைத் தடித்த தனி வடிவத்தை நாங்களும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வெயிலில் நின்ற ஃபிளெக்ஸ் பலகையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்ததால், பழுப்பு ஒன்றரை ஆண்டில் பாசி நிறமானது. இப்போது கடைப் பலகைக்கு இரும்புத் தகடும் பெயிண்டும்தான்.

வர்த்தகக் குறிப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை: ஊர்ப் பெயரை மட்டும் நம்பிப் போனால் தனித்தன்மை இல்லை என்று தடை வரும். படத்தோடு சேர்த்து, சமையல் எண்ணெய்க்குரிய 29-ஆம் வகுப்பில் விண்ணப்பித்தோம்; சிறு தொழிலுக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும்.

தடித்த புள்ளிகளோடு புதிய எழுத்துருவம் சென்ற மாதம் வந்தது. மாதிரி அச்சை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான்கு புள்ளிகளையும் விரலால் தொட்டு எண்ணிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.