கோடாக்கும் ஃபூஜிஃபிலிமும்: ஃபிலிம் படுத்தபோது யார் என்ன செய்தார்கள்?

டிஜிட்டல் கேமரா வரப்போவது அமெரிக்க ஃபிலிம் நிறுவனமான கோடாக்குக்குத் தெரியாமல் இல்லை. 1975இல் அதைச் செய்து காட்டியவரே அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. ஆனால் லாபம் கொட்டிய ஃபிலிமை விட மனம் வரவில்லை. ரசாயனப் பிரிவையும் 1994இல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய இழப்பு. 2012 ஜனவரியில் திவால் மனு.

ஜப்பானின் ஃபூஜிஃபிலிமோ கையில் இருந்த வித்தையைப் பார்த்தது. ஃபிலிமின் ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. நம் தோலிலும் கொலாஜன்தான். படம் மங்காமல் காக்கும் அறிவைச் சருமத்துக்குத் திருப்பி, 2007இல் அஸ்டாலிஃப்ட் கிரீமைக் கொண்டுவந்தார்கள். எல்சிடி திரைக்கான மெல்லிய படலமும் செய்தார்கள், அப்புறம் 2008இல் டொயாமா மருந்து நிறுவனத்தை வாங்கினார்கள். ஆட்குறைப்பும் நடந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ரசாயனம் தெரிந்தவர்களுக்குப் புது வேலை கிடைத்தது.