வெறும் வயிற்றில் நடையா, இட்லிக்குப் பிறகு நடையா?

வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்பார் அப்பா. சாப்பிட்டுவிட்டு நடங்கள் என்பது என் கட்சி. இரண்டு பக்கத்துக்கும் சாட்சி ஒன்றுதான்: கிளிசரால்.

கொழுப்பு செல்லில் இருப்பு டிரைகிளிசரைடாகக் கிடக்கிறது. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள். உடைந்தபின் அமிலங்களில் ஒரு பங்கு அதே செல்லில் திரும்பக் கொழுப்பாகிவிடும். கிளிசராலை மறுபடி சேர்த்துக்கொள்ளத் தேவையான நொதி அங்கே மிகக் குறைவு. அதனால் அது ரத்தத்தில் இறங்கி, கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாகிறது. எவ்வளவு கொழுப்பு உடைகிறது என்று அறிய ஆய்வாளர்கள் கிளிசராலை அளப்பது இதனால்தான்.

ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பில் இன்சுலின் தாழ்ந்திருக்கும், கிளிசரால் தாராளமாக வெளியேறும். இந்த அளவில் அப்பா சொல்வது சரி. இரண்டு இட்லி உள்ளே போனால் இன்சுலின் ஏறி, கொழுப்பை உடைக்கும் நொதியை அடக்கிவிடும். அதற்குக் கொஞ்சம் இன்சுலினே போதும். தசைக்குள் குளுக்கோஸை ஏற்றத்தான் நிறைய வேண்டும்.

ஆனால் உடைந்ததெல்லாம் எரிந்துவிடாது. மிஞ்சியது திரும்பக் கொழுப்பாகச் சேரும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்கள், உணவைக் குறைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் வீதம் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் வெறும் வயிற்றில், மீதிப் பேர் சாப்பிட்டபின். இரு குழுவிலும் எடை குறைந்தது. குழுக்களுக்கிடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், அதிலும் ஆரோக்கியமானவர்கள்.

அப்பா சுகர்காரர். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே நடக்கக் கிளம்பினார். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. கடைக்காரர் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார்.

வயிறு காலி, ஆனால் மாத்திரையால் இன்சுலின் குறையவில்லை. கல்லீரல் குளுக்கோஸ் விடுவதையும் அது தடுக்கும், கொழுப்பு உடைவதையும் தடுக்கும். அவர் எதற்காகப் பசியோடு நடந்தாரோ அதுவும் கிடைக்கவில்லை, சுகரும் இறங்கிவிட்டது.

சாப்பிட்டபின் நடந்தால் வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் தணியும். இந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ இல்லாதவர்கள் வெறும் வயிற்றில் நடப்பதை நான் தடுக்கமாட்டேன். அப்பாவுக்கு மட்டும் இட்லி முதலில், செருப்பு பிறகு.